மார்ச் 14ஆம் தேதியில் நிறுத்துங்கள்

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் கட்டுமானப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பருவத்திலிருந்து விரிவுரைகளைக் குறைத்து, கேஸ் ஸ்டடி (நிகழ்வாய்வு) முறையில் நடத்துமாறு துறைத்தலைவர் சொன்னார். 1986-இல் சிராங்கூன் சாலையில் இடிந்து விழுந்த ஹோட்டல் நியூ வோர்ல்டு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, படங்களுடன் 40 நிமிடம் விளக்கினேன். மாணவர்கள் நன்றாகக் கவனித்தார்கள். ஆனால், “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒருவர் மட்டும், “பொறியாளர் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்றார். இன்னொருவர் மாதிரி விடை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். இந்த முறை நம் மாணவர்களுக்கு ஒத்துவராதா, அல்லது எனக்குத்தான் நடத்தத் தெரியவில்லையா? பாடத்திட்டத்தையும் முடித்தாக வேண்டும்.
– ஆசிரியை ஒருவர், ஈசூன்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வகுப்பில் நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்ல எனக்கு வழி கிடைத்தது. நான் கட்டமைப்புப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வகுப்பறைக்கு வந்தவன். நான் முதன்முதலாக எடுத்த நிகழ்வாய்வும் இதே கட்டடத்தைப் பற்றியதுதான். அதுவும் உங்கள் வகுப்பைப் போலவேதான் முடிந்தது. பருவ இறுதியில் விடைத்தாள்களைத் திருத்தியபோது, ஏறத்தாழ எல்லோருமே ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லை வெவ்வேறு விதமாக எழுதியிருந்தார்கள். மாணவர்கள் மீது எனக்குக் கோபம்கூட வந்தது. அவர்கள் அப்படி எழுதியதற்குக் காரணம் நான்தான் என்பது எனக்குப் புரிவதற்கு மேலும் ஒரு பருவம் ஆயிற்று.

நீங்கள் அன்று வகுப்பில் சொன்னது ஒரு கதை. நன்றாகவே சொல்லியிருப்பீர்கள், 40 நிமிடம் இளைஞர்கள் கைப்பேசியைத் தொடாமல் கேட்டார்கள் என்றால் அது சாதாரணமல்ல. ஆனால் கதையில் முடிவெடுக்கும் வேலை கேட்பவருக்கு இல்லை. கட்டடம் இடிந்தது, 33 பேர் மாண்டார்கள், 17 பேர் மீட்கப்பட்டார்கள், காரணம் இன்னது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு “என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்டால், மாணவருக்கு எஞ்சியிருப்பது நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வது ஒன்றுதான். முடிவு தெரிந்த பிறகு எல்லாத் தடயங்களும் அந்த முடிவை நோக்கியே வரிசையாக நிற்பதுபோலத் தோன்றும். அங்கே இருந்தவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்ற வியப்பும், அவர்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பும் அப்போது தாமாக வந்துவிடுகின்றன. அந்தத் தீர்ப்பை எழுதும் மாணவர், தாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதே தவற்றைச் செய்திருக்கக்கூடும் என்று ஒரு கணமும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த எண்ணத்தை வரவழைப்பதற்குத்தான் நிகழ்வாய்வு.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: கட்டடம் விழுந்தது 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல், நீங்கள் மாணவர்களை மார்ச் 14, வெள்ளிக்கிழமையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அன்று கையில் என்ன இருந்திருக்குமோ அதை மட்டும் கொடுங்கள். அதற்குமேல் ஒரு வரிகூட வேண்டாம்.

நான் இப்போது அந்த வகுப்பை எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு தாள் கொடுப்பேன். 1971-இல் கட்டப்பட்ட ஆறு மாடிக் கட்டடம். அடித்தளத்தில் வாகன நிறுத்துமிடம், கீழ்த்தளத்தில் வங்கி, அதற்கு மேல் இரவு விடுதி, அதற்கும் மேலே ஓட்டல். கட்டி முடித்த பிறகு சேர்த்தவை: வங்கியின் பாதுகாப்புப் பெட்டகம், குளிரூட்டும் சாதனங்கள், வெளிச்சுவரில் பதித்த ஓடுகள். நகரில் எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டும் வேலை நடக்கிறது. தூண்களில் விரிசல் தெரிகிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் வெள்ளிக்கிழமை மாலை உங்களை அழைக்கிறார். இந்தத் தொலைபேசி அழைப்பு மட்டும் என் கற்பனை என்பதை மாணவர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். உயிர்கள் போன ஒரு சம்பவத்தில் எது நடந்தது, எது நாம் சேர்த்தது என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது. கேள்வி இதுதான்: இன்று இரவுக்குள் என்ன செய்வீர்கள், யாரிடம் பேசுவீர்கள், எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவீர்கள்?

இதற்கு மாதிரி விடை கிடையாது என்பது மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஆளுக்கொரு சந்தேகம் வரும். பெரும்பாலும் முதல் சந்தேகம் சுரங்கத்தின் மீது விழும்; அதற்கு அடுத்தது வங்கிப் பெட்டகத்தின் மீது. ஓடுகளின் எடையைக் கணக்குப் போடத் தொடங்குபவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்காதீர்கள். அரசாங்கம் அமைத்த விசாரணையிலும் இவை எல்லாம் பரிசீலிக்கப்பட்டன. சுரங்க வேலைக்கு இதில் பங்கில்லை என்றும், பின்னால் சேர்த்த எடைகள் கட்டடம் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்த எடைக்கு முன்னால் பெரிதல்ல என்றும் தெரியவந்தது. நல்ல பொறியாளர்களும் முதலில் சந்தேகித்த இடங்களையே தாங்களும் சந்தேகித்திருக்கிறோம் என்று பின்னால் தெரியும்போது, மாணவர்களுக்குத் தங்கள் மூளையின்மேல் ஒரு மரியாதை பிறக்கும். தவறான பாதையில் 20 நிமிடம் போனது வீணல்ல.

அதன் பிறகு யாராவது ஒருவர் மூல வடிவமைப்புக் கணக்கைக் கேட்பார். சில ஆண்டுகளில் பத்து நிமிடத்தில் கேட்கிறார்கள். சில ஆண்டுகளில் கேட்பதே இல்லை. அப்போதும் நான் எடுத்து நீட்டுவதில்லை. “விரிசல் விழுந்த தூண் எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்பேன். கணக்கைக் கேட்டு வாங்கியவர்களை வெண்பலகைக்கு அழைத்து, ஒரு சிறு கணக்கைப் போடச் சொல்வேன். இது அந்தக் கட்டடத்தின் அளவு அல்ல, எங்கும் காணக்கூடிய ஓர் அளவு: 150 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டரின் எடை என்ன? கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. பெருக்கினால் 360 கிலோ வரும். அதே ஒரு சதுர மீட்டரில் ஓட்டல் அறைக்கு நாம் கணக்கில் எடுக்கும் பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆட்களும் கட்டிலும் அலமாரியும் சேர்ந்த சுமை, சுமார் 200 கிலோ. இரண்டு எண்களும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, விசாரணையில் தெரியவந்த செய்தியைச் சொல்வேன். அந்தக் கட்டடத்தின் கணக்கில் பயன்பாட்டுச் சுமை சேர்க்கப்பட்டிருந்தது. கட்டடத்தின் சொந்த எடை சேர்க்கப்படவில்லை.

ஒருமுறை அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த மாணவி, எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு 360-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “தூண், உத்தரம், சுவர் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை, சார்” என்றார். அந்த வகுப்பிலும் அமைதி நிலவியது. ஆனால் அது உங்கள் வகுப்பில் வந்த அமைதி அல்ல. அந்த மாணவர்களில் ஒருவர்கூடத் தேர்வில் ‘கவனக்குறைவு’ என்று எழுதவில்லை. அந்தக் கணக்கை ஏன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்கவில்லை, பதினைந்து ஆண்டுகள் அந்தக் கட்டடம் எப்படி நின்றது, விரிசலை முதலில் பார்ப்பவர் யாரிடம் சொல்ல முடிந்திருக்கும் என்று எழுதினார்கள். மூன்றும் நாம் கேட்கத் தவறிய கேள்விகள்.

இங்கே வகுப்பை முடித்துவிடாதீர்கள். மாணவர்களையே ஒரு விதி எழுதச் சொல்லுங்கள்: இப்படி இன்னொரு முறை நடக்காமலிருக்க, சிங்கப்பூரில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவருவீர்கள்? பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு 1989-இன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டுங்கள். வடிவமைப்பைத் தொடர்பில்லாத, அங்கீகாரம் பெற்ற இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்பதும், கட்டடங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டமைப்புச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பதும் அதில் வந்தவை. குடியிருப்புக் கட்டடங்களுக்கு 10 ஆண்டு, மற்றவற்றுக்கு 5 ஆண்டு. தாங்கள் எழுதியதும் சட்டமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று மாணவர்கள் ஒப்பிடும்போது, உங்கள் பாடத்திட்டத்தில் ‘விதிமுறைகள்’ என்று ஒரு வறண்ட அலகு இருக்கிறதே, அது பாதி முடிந்துவிடும். பாடத்திட்டத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. நிகழ்வாய்வைப் பாடத்துக்கு மேல் ஒரு கூடுதல் சுமையாக வைக்காதீர்கள். பாடத்தின் எந்தப் பகுதியை அது தன் தோளில் சுமக்கும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பகுதிக்கான விரிவுரையை எடுத்துவிடுங்கள். ஒரு பருவத்துக்கு மூன்று நிகழ்வுகள் போதும். வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மாணவர்களும் தயாராக மாட்டார்கள், உங்களாலும் முடியாது. சூத்திரங்களையும் அடிப்படைக் கணக்குகளையும் விரிவுரையிலேயே நடத்துங்கள். அவற்றை நிகழ்வாய்வில் கண்டுபிடிக்க வைப்பது நேரத்தைக் கொல்லும் வேலை.

வகுப்பு அமைதியாகிவிட்டதைப் பற்றி நீங்கள் மிகவும் கலங்கியிருக்கிறீர்கள். இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு, அதன் தொடக்கமே சங்கடமானதுதான். 1870-இல் ஹார்வர்டு சட்டப்பள்ளியில் கிறிஸ்டஃபர் கொலம்பஸ் லேங்டெல் என்ற பேராசிரியர், விரிவுரை ஆற்றுவதை விட்டுவிட்டு, உண்மையான தீர்ப்புகளை மாணவர்களிடம் கொடுத்து அவர்களையே விளக்கச் சொன்னார். மாணவர்கள் எரிச்சலடைந்தார்கள்; பலர் வகுப்புக்கு வருவதையே நிறுத்தினார்கள். நம்மிடம் பாடம் சொல்லாமல் இவர் நம்மைக் கேள்வி கேட்கிறாரே என்பதுதான் அவர்களின் குறை. ஆனால் சில பத்தாண்டுகளில் அமெரிக்கச் சட்டக் கல்வியே அந்த வழிக்கு மாறியது. 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி அதை எடுத்து வணிக முடிவுகளுக்குப் பொருத்தியது. இன்று உங்கள் துறைத்தலைவர் கேட்பது அந்த வழியில் வந்ததுதான். முதல் வகுப்பில் கைதட்டல் கிடைக்காததால் முறை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருந்துவிட்டுத் தாங்களே பேசத் தொடங்குகிறார்கள் என்றும், அதை 3 நொடியாக நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, அதிகமானோர் பேசுகிறார்கள் என்றும் கண்டார். முடிவெடுக்கச் சொல்லும் கேள்விக்கு 3 நொடியும் போதாது. நான் மனத்துக்குள் பத்துவரை எண்ணுவேன். அதுவும் போதவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன். இங்கே மாணவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டால் முகம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். ‘கியாசு’ என்று நாம் சொல்லும் பின்தங்கிவிடுவோமோ என்ற பயமும் அதில் கலந்திருக்கிறது. பக்கத்துத் தோழரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த கருத்தை 25 பேர் முன்னால் சொல்வது பாதி எளிது. “எங்கள் இருவருக்கும் தோன்றியது” என்று தொடங்கும் விடைக்கு யாரும் தனியாகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

மாதிரி விடை கேட்ட மாணவரையும் குறை சொல்லாதீர்கள். தொடக்கநிலை ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண நிலைத் தேர்வுவரை ‘டென் இயர் சீரிஸ்’ என்ற பழைய தேர்வுத்தாள் தொகுப்பை வாங்கி, அதில் அச்சான விடையோடு ஒப்பிட்டுப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். பல ஆண்டுப் பழக்கத்தை ஒரு வகுப்பில் விடச் சொல்வது நியாயமல்ல. அவருக்குத் தேவை, விடையைத் தவிர வேறு எதற்கு மதிப்பெண் கிடைக்கும் என்ற தெளிவு. நான் இப்படிச் செய்கிறேன்: வகுப்புக்கு வரும்முன் ஒரு பக்கத்தில் தம் முடிவையும் அதற்கான ஆதாரங்களையும் எழுதிக்கொண்டு வர வேண்டும், வகுப்பு முடிந்தபின் அரைப்பக்கத்தில், என் முடிவை எது மாற்றியது அல்லது எது மாறாமல் காத்தது என்று எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பெரும் பகுதி இந்த அரைப்பக்கத்துக்குத்தான். முதல் பக்கத்தில் சுரங்கம்தான் காரணம் என்று உறுதியாக எழுதிவிட்டு, பிறகு எந்தத் தரவு தன்னை அசைத்தது என்று நேர்மையாக விளக்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். இது தெரிந்ததும் மாணவர்கள் தங்கள் முடிவைக் காப்பாற்றுவதற்காகப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

இது முக்கியம், ஏனென்றால் நம் பிள்ளைகள் பட்டிமன்றத்திலும் சொற்போரிலும் பழகியவர்கள். அங்கே அணி முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கும். எதிரணி எவ்வளவு நல்ல ஆதாரம் காட்டினாலும் நம் பக்கத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது. கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். பேச்சுக்கலைக்கு அது நல்ல பயிற்சிதான், நானும் விரும்பிக் கேட்பவன். ஆனால் நிகழ்வாய்வு பட்டிமன்றமாக மாறிவிட்டால் நீங்கள் நடுவராகிவிடுவீர்கள், வகுப்பு முழுவதும் உங்கள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பை ஊகிக்கத் தொடங்கிவிடும். நல்ல கருத்து வந்ததும் நீங்கள் தலையாட்டினால்கூட அது தீர்ப்புதான். “அதற்கு ஆதாரம் அந்தத் தாளில் எங்கே இருக்கிறது?” என்பதை, உங்களுக்குப் பிடித்த விடைக்கும் பிடிக்காத விடைக்கும் ஒரே குரலில் கேட்கப் பழகுங்கள். எனக்கு இது வருவதற்கு நெடுநாள் ஆனது.

கைப்பேசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வகுப்பில் அது குறுக்கே வரும். ஹோட்டல் நியூ வோர்ல்டு போன்ற புகழ்பெற்ற நிகழ்வில் கட்டடத்தின் பெயரைச் சொன்ன மறுநிமிடமே முடிவு திரையில் வந்துவிடும். அதனால் முதல் தாளில் பெயரையும் சாலையையும் நான் போடுவதில்லை. அப்படியும் யாராவது கண்டுபிடித்துவிட்டால் எந்த நட்டமும் இல்லை, “சரி, காரணம் உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அங்கே இருந்தவர்களில் அதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தவர் யார், எந்தக் காகிதத்திலிருந்து?” என்று கேள்வியைத் திருப்பிவிடுங்கள். அதற்கு இணையத்தில் விடை கிடைக்காது.

இவ்வளவு கனமான நிகழ்விலிருந்து தொடங்கியதே உங்கள் வகுப்புத் தடுமாறியதற்கு ஒரு காரணம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. மரணங்களைப் பற்றிப் பேசும்போது இளையர்கள் சரியான வார்த்தைகளைத் தேடித் தயங்குவார்கள். அது நல்ல குணம்தான். அடுத்த முறை அவர்கள் அன்றாடம் பார்க்கும் சிறிய நிகழ்வு ஒன்றில் தொடங்குங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளியலறைக் கூரையில் நீர்க்கசிவு. கீழ்வீட்டில் ஒரு பாட்டி, வாளியை வைத்து நீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேல்வீட்டுக்காரர் அண்மையில் குளியலறையைப் புதுப்பித்தவர். தம் வேலையில் எந்தக் குறையும் இல்லை என்கிறார். கட்டடத்துக்கு வயது 30. இதை ஒரு பக்கத்தில் நீங்களே எழுதலாம். கசிவுக்குக் காரணம் காலத்தால் தேய்ந்த நீர்த்தடுப்புப் படலமா, புதுப்பித்தபோது அது கிழிந்ததா, குழாயா? எந்தச் சோதனையை முதலில் செய்வீர்கள், அதற்கு யார் வீட்டுக்குள் போக வேண்டும், மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? அதோடு செலவும் இருக்கிறது: இத்தகைய கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்ந்தது, வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் கழகம் பாதிச் செலவை ஏற்க, மீதியை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இதை நான் வகுப்பில் கொடுத்தபோது, எப்போதும் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவர், தம் வீட்டில் இதே சண்டை எட்டு மாதம் நடந்ததாகத் தொடங்கி, கால்மணி நேரம் வகுப்பையே தம் கையில் எடுத்துக்கொண்டார். நீர்த்தடுப்பைப் பற்றிப் பாடநூலில் இருக்கும் பக்கங்களை அவர் அன்றிரவு தாமாகவே படித்துவிட்டு வந்தார்.

மூன்றாவதாக, பருவத்தின் கடைசியில், நிக்கல் நெடுஞ்சாலையை வையுங்கள். 2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப்பாதை எம்ஆர்டிக்காகத் தோண்டிய குழியின் தடுப்பு அமைப்பு சரிந்தது, நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் அதனோடு போனது, நால்வர் உயிரிழந்தார்கள். வடிவமைப்புப் பிழைகளை விசாரணைக் குழு விரிவாக ஆராய்ந்தது. மண்ணின் வலிமையைக் கணினியில் கணக்கிட்ட முறையும், சுவரைத் தாங்கும் குறுக்குத் தண்டுகளை இணைத்த விதமும் அவற்றில் முதன்மையானவை. ஆனால் இந்த நிகழ்வை நான் நிறுத்துவது சரிவில் அல்ல, அதற்குப் பல வாரங்கள் முன்னால், சுவரின் நகர்வு அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டதாக அளவுக்கருவிகள் காட்டிய இடத்தில். உங்கள் முன்னால் இரண்டு வழிகள்: வேலையை நிறுத்துவது, அல்லது மறுகணக்குப் போட்டு வரம்பை உயர்த்துவது. நிறுத்தினால் ஒவ்வொரு நாளும் பணம் கரையும், மேலதிகாரிகள் கேட்பார்கள். கணக்கைத் திருத்தினால் காகிதத்தில் எல்லாம் சரியாகிவிடும். மாணவர்கள் இந்த இடத்தில் நெடுநேரம் தத்தளிப்பார்கள், ஏனென்றால் மறுகணக்கு என்பது ஏமாற்று வேலை அல்ல. பொறியாளர்கள் நியாயமாகவே செய்வது. எப்போது அது அறிவு, எப்போது அது தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வது என்று பிரிப்பதுதான் அவர்கள் வாழ்நாள் முழுவதும் செய்யப்போகும் வேலை.

பிறகு விபத்து நாளுக்கு வாருங்கள். அன்று காலையிலேயே குழிக்குள் வழக்கத்துக்கு மாறான சத்தங்கள் கேட்டிருந்தன, சரிவு பிற்பகலில். சத்தத்தை முதலில் கேட்பவர்கள் யார் என்று கேளுங்கள். கீழே நின்று வேலை செய்பவர்கள். உங்கள் மாணவர்கள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளமேற்பார்வையாளர்களாக நிற்கப்போகும் இடங்களில், அந்தக் கீழே நிற்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களாக இருப்பார்கள். ஒரு தொழிலாளி வந்து, “அண்ணே, அந்தப் பக்கம் இரும்பு முனகுற மாதிரி கேக்குது” என்று சொன்னால், நீங்கள் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? இந்த ஒரு கேள்விக்காக நான் அரைமணி நேரம் ஒதுக்குவேன். இதை எழுதச் சொல்லாதீர்கள். எழுந்து நின்று செய்து காட்டச் சொல்லுங்கள். ஒருவர் தொழிலாளி, ஒருவர் மேற்பார்வையாளர், ஒருவர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் திட்ட மேலாளர். மேலாளராக நடிப்பவர் எவ்வளவு இயல்பாக, எவ்வளவு மரியாதையாக, “இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்” என்கிறார் என்பதைக் கேட்டு வகுப்பே திடுக்கிடும்.

உங்கள் கல்லூரியில் மற்றத் துறை ஆசிரியர்களும் இதே முறைக்கு மாறுகிறார்கள் என்றால், அவர்களோடு கலந்து பேசுங்கள். தகவல் தொழில்நுட்பம் நடத்துபவர்களுக்கு 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்ட நிகழ்வு கையில் இருக்கிறது. விசாரணைக் குழுவின் அறிக்கையும் வெளியிடப்பட்டிருக்கிறது. அங்கேயும் நிறுத்த வேண்டிய இடம் அதேதான்: விசித்திரமான ஒன்றைப் பார்த்த ஊழியர், இது பெரிய விஷயமா இல்லையா என்று தெரியாமல், மேலே சொல்வதா வேண்டாமா என்று தயங்கும் நேரம். இரண்டு துறை மாணவர்களையும் ஒருநாள் ஒன்றாக உட்கார வைத்தால், தூணில் விழுந்த விரிசலும் திரையில் வந்த அறியாத கட்டளையும் ஒன்றுதான் என்று அவர்களே சொல்வார்கள்.

‘நம் மாணவர்களுக்கு ஒத்துவராதா’ என்று கேட்டிருந்தீர்கள். ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2002-இல் தொடங்கியதிலிருந்தே, ஒரு நாளைக்கு ஒரு சிக்கல் என்று மாணவர்களிடம் கொடுத்து அதன்வழியே பாடம் நடத்துவதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அது நிகழ்வாய்வின் நெருங்கிய உறவுமுறை. அங்கே படித்தவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். எனவே அந்த ஐயத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு நடத்தத் தெரியவில்லையா என்ற இரண்டாவது ஐயத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் மூன்று முறை உங்கள் வகுப்பை நீங்களே ஒலிப்பதிவு செய்து, உங்கள் குரல் எத்தனை நிமிடம், மாணவர் குரல் எத்தனை நிமிடம் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். என் முதல் பதிவைக் கேட்டபோது, ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் பேசியது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. நான் கேள்வி கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்த பல இடங்களில், கேள்வியோடு விடையையும் நானே சொல்லியிருந்தேன்.

மீண்டும் ஹோட்டல் நியூ வோர்ல்டை எடுக்கும்போது, கணக்கையும் சட்டத்தையும் முடித்த பிறகு, ஒரு பிற்பகல் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் அந்த இடத்தில் இப்போது வேறொரு ஓட்டல் நிற்கிறது. அங்கே உரை எதுவும் ஆற்ற வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் ஒருமுறை அழைத்துப் போனபோது, மாணவர் ஒருவர் தம் தாத்தா அப்போது அந்தப் பக்கம் கடை வைத்திருந்ததாகவும், சத்தம் கேட்டுக் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடியதாகவும் சொன்னார். முதல் நாளே அவர் அதைச் சொல்லியிருக்கலாம். கணக்கைப் போட்டு முடிக்கும்வரை அவர் தம் தாத்தாவிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லையாம்.